லப்பக்கா, ஜார்ஜ் ரான்ச்சா, ஸ்டோன்வாலா? டெக்சஸில் பழைய பண்ணை பார்க்கக் கிளம்புமுன்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தாயிற்று. நாசா காட்டியாயிற்று, பியர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்கும் போய் வந்தாயிற்று. அடுத்து, "இந்த ஊர்க்காரர்கள் அந்தக் காலத்தில் எப்படி மாடு வளர்த்தார்கள், எப்படி வீடு கட்டினார்கள், அதைக் காட்டேன்" என்கிறார்கள். டெக்சஸில் அதற்குப் பதிலாகச் சொல்லக்கூடிய இடங்கள் மூன்று. லப்பக்கில் உள்ள நேஷனல் ரான்ச்சிங் ஹெரிடேஜ் சென்டர். ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே ரிச்மண்டில் ஜார்ஜ் ரான்ச். ஆஸ்டினுக்கு மேற்கே ஸ்டோன்வாலில் சாவர்-பெக்மன் பண்ணை. படங்களைப் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும்: மரவீடு, முள்கம்பி வேலி, தொப்பி போட்ட ஆள். போய்ப் பார்த்தால் மூன்றும் மூன்று வகை. வகை தெரியாமல் போனால் எட்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போய், "இங்கே மாடே இல்லையே" என்று பிள்ளை கேட்கும்படி ஆகிவிடும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது: பார்க்க விரும்புவது கட்டடத்தையா, வேலையையா? ஒரு சுவர் எப்படிக் கட்டப்பட்டது, ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்பதில் ஆர்வம் என்றால் அதற்கு ஓர் இடம். அடுப்பெரிவதையும் வெண்ணெய் கடைவதையும் மாடு ஓட்டுவதையும் பார்க்க வேண்டுமென்றால் வேறு இடம். மற்ற அளவுகோல்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, கட்டடங்கள் எங்கிருந்து வந்தவை. சில இடங்களில் வீடு முளைத்த மண்ணிலேயே நிற்கும். சில இடங்களில் நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருந்த வீட்டைப் பிரித்து, கல்லுக்குக் கல் எண் போட்டு, லாரியில் ஏற்றிவந்து மறுபடி அடுக்கியிருப்பார்கள். இரண்டிலும் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு.

மூன்றாவது, கிழமை. இதைக் கவனிக்காமல் ஏமாறுபவர்கள்தான் அதிகம்.

நான்காவது, உடன் வருபவர்களின் கால் பலமும் வெயில் தாங்கும் சக்தியும். இவை முழுக்க வெட்டவெளி. இடையிடையே ஏசி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

செலவைக் கடைசியில் வைத்திருக்கிறோம். மூன்றில் இரண்டுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. ஆனால் கட்டணம் இல்லாத இரண்டில் ஒன்றுதான் மூன்றிலும் அதிகச் செலவு வைப்பது.

| | லப்பக் | ஜார்ஜ் ரான்ச் | சாவர்-பெக்மன் |
|---|---|---|---|
| என்ன வகை | பல ஊர்களின் கட்டடங்கள் ஓரிடத்தில் | ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறை | ஒரே பண்ணை, ஒரே காலம் |
| காட்டும் காலம் | 1780கள் முதல் 1900களின் நடுப்பகுதி வரை | 1830கள், 1860கள், 1890கள், 1930கள் | 1915 – 1918 |
| கட்டடம் | ஏறக்குறைய 50 | சில வீடுகளும் கொட்டகைகளும் | ஒரு வீட்டுத் தொகுதி |
| கால்நடை | பண்ணையாக இல்லை | உண்டு | உண்டு |
| நுழைவுக் கட்டணம் | இல்லை | உண்டு, தலைக்கு | இல்லை |
| ஹூஸ்டனிலிருந்து | சுமார் 520 மைல் | சுமார் 35 மைல் | சுமார் 230 மைல் |
| டாலஸிலிருந்து | சுமார் 345 மைல் | சுமார் 275 மைல் | சுமார் 260 மைல் |
| ஆஸ்டினிலிருந்து | சுமார் 375 மைல் | சுமார் 160 மைல் | சுமார் 65 மைல் |
| ஒதுக்க வேண்டிய நேரம் | 3 – 4 மணி | முழு நாள் | ஒன்றரை – 2 மணி |

## லப்பக்: சுவர் படிக்கத் தெரிந்தவர்களுக்கு

டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இந்தப் பூங்கா 1976-ல் திறக்கப்பட்டது. ஊருக்கு நடுவேதான் இருக்கிறது, ஆனால் உள்ளே போனால் ஊர் தெரியாது. சுற்றிலும் மண்ணை மேடாகக் குவித்துக் கரை கட்டி, சாலையையும் கட்டடங்களையும் பார்வையிலிருந்து மறைத்திருக்கிறார்கள். நடைபாதை ஒரு மைலுக்கு மேல் வளைந்து போகிறது. வீடுகள் ஏறத்தாழ கால வரிசையில் நிற்கின்றன. வரிசையைக் கலைக்காமல் பழையதிலிருந்து தொடங்கி நடப்பதுதான் இங்கே முக்கியம். நடுவில் புகுந்தால் வெறும் பழைய வீடுகளின் கும்பலாகத்தான் தெரியும்.

வரிசையின் தலையில் தெற்கு டெக்சஸின் லோஸ் கொரலீத்தோஸ். ஸ்பானிய ஆட்சிக்காலத்து வகை. கல்லும் மண்ணும் சேர்த்த தடித்த சுவர், ஒரே கதவு, ஜன்னலே கிடையாது. துப்பாக்கி முனையை நீட்டச் சிறு துளைகள் மட்டும். வீட்டையும் கோட்டையையும் ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள். அடுத்து மத்திய டெக்சஸின் மரக்கட்டை வீடுகள். இவற்றில் ஹெட்விக்ஸ் ஹில் என்ற இடத்திலிருந்து வந்த 1850களின் வீட்டை விட்டுவிடாதீர்கள். இரண்டு அறை, நடுவே முன்னும் பின்னும் திறந்த நடை, எல்லாவற்றுக்கும் ஒரே கூரை. அந்த வழியில் காற்று இழுத்துக்கொண்டு போகும். நம் ஊர்ப் பழைய வீட்டு ரேழியில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். போய் நின்றாலே காரணம் புரிந்துவிடும்.

பிறகு மரம் தீர்ந்துபோகிறது. லப்பக் இருக்கும் உயர்ந்த சமவெளியில் கண்ணுக்கு எட்டியவரை புல்தான். அதனால் மேட்டடார் ரான்ச்சின் ஆட்கள் தங்கிய அரைக்குழி வீடு: பாதி தரைக்குள் தோண்டியது, மீதிப்பாதி மேலே எழுப்பியது. குளிர்காலத்தில் கதகதப்பு, கோடையில் குளிர்ச்சி. ஆனால் கூரையிலிருந்து மண் உதிரும், மழை ஒழுகும், பாம்பு இறங்கும். உதிரும் மண்ணைத் தாங்க உத்தரத்தின் கீழே துணி கட்டினார்கள்.

அதற்கும் பிறகு ரயில் வருகிறது, ரயிலில் அறுத்த பலகை வருகிறது. 1900களின் தொடக்கத்தைச் சேர்ந்த பெட்டிப் பலகை வீட்டுச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஓர் அடி அகலப் பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, கீழே அடிச்சட்டத்திலும் மேலே தலைச்சட்டத்திலும் ஆணி அடித்திருப்பார்கள். இரண்டு பலகை சேரும் இடுக்கின் மேல் ஒடுக்கமான ரீப்பர். அவ்வளவுதான் சுவர். உள்ளே தூண் இல்லை, இரட்டை அடுக்கு இல்லை. வெளிக்காற்றுக்கும் படுக்கைக்கும் நடுவே ஓர் அங்குலப் பலகை. இந்த வறண்ட காற்றில் பலகை சுருங்கும், ரீப்பர் தளரும், இடுக்கு வாய் திறக்கும். அதை அடைக்க உட்பக்கம் துணி ஒட்டி அதன்மேல் காகிதம் ஒட்டுவார்கள். வெளியே காற்று வீசினால் உள்ளே அந்தக் காகிதம் உப்பி அடங்கும். மார்ச், ஏப்ரலில் லப்பக்கில் புழுதிக்காற்று அடிக்கும் நாளில் இந்த வீட்டின் முன் நின்றால், இதில் குழந்தைகுட்டியோடு குடியிருந்தவர்களை நினைத்து வாய் அடைத்துப்போகும்.

இதே காலத்தில் இன்னொரு பக்கம், ரயிலுக்கு எட்டாத க்ராக்கெட் மாவட்டத்தில், ஜூனிப்பர் கம்புகளையும் சோட்டால் என்ற கள்ளிச்செடி போன்ற தாவரத்தின் தண்டுகளையும் வரிசையாக நட்டு எழுப்பிய கூரைவீடும் இங்கே உண்டு. படல் கட்டத் தெரிந்த கை இதை ஒரு பார்வையில் புரிந்துகொள்ளும்.

பெரிய பெயர்களும் இருக்கின்றன. லாஸ் எஸ்கர்பாதாஸ், எக்ஸ்ஐடி ரான்ச்சின் ஒரு பிரிவுக்குத் தலைமையிடமாக இருந்த கல்வீடு. ஆஸ்டினில் இன்று நிற்கும் சட்டமன்றக் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்ததற்குக் கூலியாக டெக்சஸ் அரசு பணம் தரவில்லை, 30 லட்சம் ஏக்கர் நிலம் தந்தது. அந்த நிலம்தான் எக்ஸ்ஐடி. 1909-ல் கட்டிய பார்ட்டன் வீடு மாடி, கோபுரம், தாழ்வாரம் எல்லாம் வைத்த மாளிகை. ரயில் தன் ஊர் வழியே வரும் என்று நம்பினார் பார்ட்டன். தண்டவாளம் வேறு பக்கம் போனது. ஊர் கலைந்தது, வீடு மிஞ்சியது. 6666 ரான்ச்சின் பெரிய கொட்டகை, ரோப்ஸ்வில் ரயில் நிலையம், மாடு ஏற்றும் பட்டி, நீராவி எஞ்சின் ஆகியவை கடைசிப் பகுதியில்.

காற்றாலைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு நகராதீர்கள். சக்கரம் சுற்றுவதைக் கீழே மேலும் கீழுமாக இழுக்கும் கம்பியாக மாற்றி, குழாய்க்கிணற்றின் அடியில் உள்ள பிஸ்டனை அடிக்கடி ஏற்றி இறக்கித் தண்ணீரைத் தூக்குகிறது. மரச்சக்கர எக்லிப்ஸ் வகையில் புயல் அடித்தால் சக்கரம் தானே காற்றுக்கு விலாப்பக்கம் திரும்பிக்கொள்ளும். பழைய வகைகளுக்கு ஓயாமல் கிரீஸ் வைக்க வேண்டும். அதற்காகவே ஓர் ஆள் ஆலை ஆலையாக ஏறி இறங்குவான். 1915-ல் ஏர்மோட்டார் நிறுவனம் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே பல்சக்கரத்தை வைத்து மூடியதும் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும் என்றாயிற்று. இதில் சுவை கண்டால் அதே ஊரில் காற்றாலைகளுக்கென்றே தனி அருங்காட்சியகம் இருக்கிறது. அரை நாள் அதற்கும் ஒதுக்குங்கள்.

இனி குறைகள். பெரும்பாலான வீடுகளில் வாசலில் நின்று தடுப்புக்கு இப்பால் இருந்துதான் உள்ளே பார்க்க முடியும். அடுப்பு எரியாது, கட்டிலில் யாரும் உட்கார மாட்டார்கள். பழங்கால உடையில் தொண்டர்கள் எல்லா நாளும் இருப்பதில்லை. நிகழ்ச்சி நாட்களிலும் டிசம்பர் விளக்கு மாலைகளிலும்தான் இடம் உயிர்பெறும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு நாலாவது வீட்டிலேயே சலித்துவிடும். வீடுகள் பெரும்பாலும் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவை என்பதால், அந்த வீட்டைச் சுற்றியிருந்த கிணறு, ஓடை, வயல் எதுவும் கூட வரவில்லை. அதை மனசுக்குள் நீங்கள்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

## ஜார்ஜ் ரான்ச்: மாடு பார்க்காமல் திரும்பமாட்டேன் என்பவர்களுக்கு

இங்கே கதை ஒரே குடும்பத்தினுடையது. ஸ்டீபன் ஆஸ்டின் என்பவர் டெக்சஸுக்கு அழைத்துவந்த முதல் குடியேற்றத்தோடு 1820களில் வந்த ஜோன்ஸ் தம்பதியில் தொடங்கி, ரயன், டேவிஸ் என்று பெண்வழியாகக் கைமாறி, கடைசியில் ஆல்பர்ட் – மேமி ஜார்ஜ் தம்பதியிடம் வந்தது நிலம். அவர்களுக்கு வாரிசு இல்லை. 1945-ல் அறக்கட்டளை அமைத்து எழுதிவைத்துவிட்டார்கள். 20,000 ஏக்கர் அளவுள்ள பண்ணை இன்னும் மாட்டுப் பண்ணையாகவே நடக்கிறது. அதற்குள் சில நூறு ஏக்கர்தான் பார்வையாளர்களுக்கு.

பார்க்க வேண்டியது 1930களின் பகுதியில் உள்ள மாட்டுத்தொட்டி. உண்ணி பரப்பிய காய்ச்சல் டெக்சஸ் மாடுகளை ஒரு காலத்தில் வடமாநிலங்களுக்குள்ளேயே விடாமல் செய்தது. டெக்சஸ் மாடு தாங்கிக்கொள்ளும், அது நடந்த வழியில் மேய்ந்த வடக்கத்தி மாடு செத்துவிழும். 1906-ல் மத்திய அரசு உண்ணி ஒழிப்பைத் தொடங்கியது. ஒடுக்கமான, ஆழமான சிமெண்ட் கால்வாயில் ஆர்செனிக் கலந்த நீரை நிரப்பி, ஒவ்வொரு மாடாக விரட்டிக் குதிக்கவிட்டு, தலை முழுக நீந்திக் கரையேற வைத்தார்கள். செயல்விளக்கம் நடக்கும் நாளில் பட்டியில் மாட்டைப் பிரிப்பது, ஒற்றை வரிசையில் ஒடுக்குவது, தொட்டியில் இறக்குவது என்று முழு வேலையையும் வேலிக்கு இப்பால் நின்று பார்க்கலாம். முன்வரிசையில் நிற்பவர்கள் நனைவார்கள். கேமராவை உறையில் வையுங்கள்.

ஹூஸ்டன் வட்டாரத்தில் திமில் வைத்த மாடுகளை அடிக்கடி பார்க்கலாம். பிராமன் என்று இங்கே பெயர். ஓங்கோல், கிர், காங்கிரேஜ் போன்ற இந்திய இனங்களின் வழிவந்தவை. வெயிலையும் உண்ணியையும் ஐரோப்பிய மாடுகளைவிட நன்றாகத் தாங்கும் என்பதற்காகவே வளைகுடாக் கரையில் பரவின. ஊரிலிருந்து வந்த தாத்தாவுக்கு இதைச் சொல்லிக் காட்டினால் அன்றைய பயணம் அங்கேயே வசூல்.

வீடுகளில் 1890களின் டேவிஸ் மாளிகைக்கு உள்ளே அழைத்துப் போய் விளக்குவார்கள். முதல் காலத்து மரவீடு பழைய முறைப்படி பின்னாளில் எழுப்பியது. மூலக் கட்டடம்தான் வேண்டும் என்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். குத்தகைக் குடிசையையும் தாண்டிப் போய்விடாதீர்கள். ஜோன்ஸ் காலத்தில் இந்த நிலத்தில் வேலை செய்தவர்கள் அடிமைகள். விடுதலைக்குப் பிறகும் அவர்களில் பலர் விளைச்சலில் பங்கு என்ற பெயரில் கடனுக்குள்ளேயே கிடந்தார்கள். பக்கத்து ஷுகர் லாண்டில் 2018-ல் பள்ளி கட்டத் தோண்டியபோது கிடைத்த 95 பேரின் எலும்புகள், குத்தகைக்கு விடப்பட்ட கைதிகளுடையவை. மாளிகையை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் பார்த்தது.

டெக்சஸ் பள்ளிகளில் மாநில வரலாறு நான்காம், ஏழாம் வகுப்புகளில் வருகிறது. அந்த வயதுப் பிள்ளைகள் இருந்தால் மூன்று இடங்களில் பாடத்தோடு நேரடியாக ஒட்டுவது இதுதான்.

தவறு நடக்கும் இடங்கள்: ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. வாரநாளில் போனால் பள்ளிக் குழுக்களின் நெரிசல் இருக்கும், செயல்விளக்கங்கள் குறைவாக இருக்கும். முழு நிகழ்ச்சியும் பார்க்கச் சனிக்கிழமைதான் சரி. பிள்ளைகளுக்குச் சனி காலை தமிழ்ப்பள்ளி இருந்தால் அன்று லீவு சொல்லிவிடுங்கள். பதினோரு மணிக்குமேல் போய்ச் சேர்ந்தால் பாதி கை நழுவிவிடும். ஒரு காலத்து வீட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையே நடை நீளம், நிழல் குறைவு. இழுவண்டி ஓடுகிறதா என்று வாசலிலேயே கேளுங்கள். மே முதல் செப்டம்பர் வரை வியர்வை காயாது, கொசுவும் உண்டு.

## சாவர்-பெக்மன்: அடுப்பு எரிய வேண்டும் என்பவர்களுக்கு

மூன்றில் சிறியது, ஆனால் உயிருள்ளது இதுதான். முன்னாள் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் பெயரில் உள்ள மாநிலப் பூங்காவுக்குள், 290-ம் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. ஜெர்மன் குடியேறிகளான சாவர் குடும்பம் 1869-ல் வந்து கல்வீடு கட்டியது. அவர்களுடைய பத்துப் பிள்ளைகளில் ஒருத்தியான அகஸ்டாதான் 1908-ல் ஜான்சன் பிறந்தபோது பிரசவம் பார்த்தவர். 1900-ல் நிலம் பெக்மன் குடும்பத்துக்குப் போனது. 1915-ல் பருத்தி நன்றாக விளைய, அந்தக் காசில் புதுக் கொட்டகையும், தகரத்தில் பூவேலை அச்சிட்டு மூடிய புதுவீடும் எழும்பின. அந்த ஆண்டையொட்டியே பண்ணையை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

இங்கே வேலை பார்ப்பவர்கள் அந்தக் காலத்து உடையில் அந்தக் காலத்து வேலையை உண்மையாகவே செய்கிறார்கள். பால் கறக்கிறார்கள், விறகடுப்பில் மதியச் சமையல் செய்கிறார்கள், தோட்டத்தில் களை எடுக்கிறார்கள், சோப்புக் காய்ச்சுகிறார்கள். வெண்ணெய் கடைவதைப் பார்க்கும்போது ஒரு வித்தியாசம் கண்ணில் படும். நாம் தயிரில் மத்தை விட்டுக் கயிற்றை மாற்றி மாற்றி இழுத்துச் சுழற்றுகிறோம். இவர்கள் பாலிலிருந்து எடுத்த ஆடையை உயரமான ஜாடியில் ஊற்றி, நடுவே துளைவழி நீளும் கம்பை மேலும் கீழும் குத்துகிறார்கள். பலன் ஒன்றுதான். ஆடை அதிகம் சூடானால் வெண்ணெய் திரளாமல் கொழகொழத்துப்போகும் என்பதும் இரண்டுக்கும் பொது. கிராமத்தில் வளர்ந்த பாட்டியை இங்கே அழைத்து வந்தால் அவர் பார்வையாளராக இருக்கமாட்டார், குறை சொல்ல ஆரம்பித்துவிடுவார். மொழி தெரியாமலே அரைமணி நேரம் பேச்சு ஓடும். மற்ற இரண்டு இடங்களிலும் இது நடக்காது.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: அடுப்பில் வேகும் சாப்பாடு வருபவர்களுக்குப் பரிமாற அல்ல. வாசனையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, பூங்காவின் மேசைகளில் நீங்கள் கட்டிவந்த புளியோதரையைத்தான் பிரிக்க வேண்டும். குளிர்காலத்தில் பன்றி அறுத்துத் தொத்திறைச்சி போடும் நாட்கள் உண்டு. சைவக் குடும்பம் என்றாலோ சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்றாலோ அந்த நாளைத் தவிர்க்கக் கிளம்புமுன் ஒரு போன் போடுங்கள்.

பால் கறப்பதும் அடுப்பு மூட்டுவதும் காலை வேலை. மூன்று மணிக்குப் போனால் பாத்திரம் கழுவுவதைத்தான் பார்க்கலாம். திறந்ததும் உள்ளே போய், மதியத்துக்குள் முடித்துவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஜான்சன் ரான்ச்சுக்குப் போங்கள். அது தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில். காருக்கு இலவச அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு நீங்களே ஓட்டிப் பார்க்கலாம். ஜான்சன் வளர்த்த ஹெர்ஃபோர்ட் மந்தையின் வழிவந்த மாடுகள் இன்னும் மேய்கின்றன. அவர் 1965-ல் பள்ளிக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஓரறைப் பள்ளியும் வழியில் வரும். வீட்டுக்குள் போகும் எண்ணம் வேண்டாம், கட்டடப் பழுதால் 2018-ல் மூடப்பட்டது.

## ரசீதில் வராத செலவுகள்

பெட்ரோல் கணக்கை ஒருமுறை போட்டுவிடலாம். கேலனுக்கு 28 மைல், கேலன் 3 டாலர் என்று வைத்தால், ஹூஸ்டனிலிருந்து லப்பக் போய்வர 1,040 மைல், ஏறக்குறைய 37 கேலன், 111 டாலர். டாலஸிலிருந்து என்றால் 75 டாலருக்குக் கொஞ்சம் கீழே. ஆஸ்டினிலிருந்து ஸ்டோன்வால் போய்வர 14 டாலர். ஹூஸ்டனிலிருந்து ஜார்ஜ் ரான்ச் 8 டாலர்கூட ஆகாது, ஆனால் ஆறு பேர் குடும்பம் என்றால் நுழைவுச்சீட்டு அதைப் பல மடங்கு தாண்டும்.

லப்பக்குக்கு விடுதி கட்டாயம். டாலஸ்காரர்களுக்கு ஓர் இரவு, ஹூஸ்டன்காரர்களுக்கு இரண்டு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை டெக்சஸ் டெக் அணிக்கு உள்ளூர்க் கால்பந்து ஆட்டம் உள்ள சனிக்கிழமைகளில் அறை வாடகை எகிறும். மைதானமும் இதே பக்கம்தான் என்பதால் சாலையும் அடைத்துக்கொள்ளும். மே மாதப் பட்டமளிப்பு நாட்களிலும் அதே கதை. அட்டவணையைப் பார்க்காமல் அறை போடாதீர்கள்.

ஸ்டோன்வாலின் மறைசெலவு நேரம். ஜான்சன் சிட்டிக்கும் ஃப்ரெடரிக்ஸ்பர்க்குக்கும் நடுவே 290 நெடுக ஒயின் கடைகள். மார்ச் கடைசியில் தொடங்கும் நீலப்பூக் காலத்து வார இறுதிகளில் வண்டி ஊரும். மே முதல் ஜூலை வரை சாலையோரத்தில் பீச் பழம் விற்பார்கள். அதை வாங்க நிற்பதை நேரக்கணக்கில் சேர்ப்பவர்கள் கிடையாது.

பிறகு காலணி. ஜார்ஜ் ரான்ச்சிலும் ஸ்டோன்வாலிலும் புல்லில் நெருப்பெறும்பு. செருப்போடு நின்று படம் எடுத்தால் கொப்புளம் நிச்சயம், காலுறையும் ஷூவும் வேண்டும். லப்பக் பக்கம் வேறு எதிரி, நமக்குப் பழைய பழக்கம்: நெருஞ்சி. ஆட்டுத்தலை முள் என்று இவர்கள் சொல்வது அதே செடிதான். நடைபாதையை விட்டு இறங்கினால் குழந்தை வண்டிச் சக்கரத்தில் குத்தி ஏறும். காற்றடைத்த டயர் வண்டியை வீட்டில் விட்டுவிட்டுக் கெட்டி ரப்பர் சக்கர வண்டியைக் கொண்டுபோங்கள்.

## யாருக்கு எது

ஹூஸ்டனில் இருக்கிறீர்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள், ஒரு சனிக்கிழமை கையில் இருக்கிறது: ஜார்ஜ் ரான்ச். கோடையில் போவதைவிட நவம்பர் முதல் மார்ச் வரை போவது மேல்.

முழங்கால் வலியுள்ள பெரியவர்கள், அல்லது ஐந்து வயதுக்குள் குழந்தை: சாவர்-பெக்மன். பரப்பு சிறியது, காரிலிருந்து நடை குறைவு, கண்ணெதிரே ஏதாவது நடந்துகொண்டிருக்கும். ஹூஸ்டனிலிருந்து நான்கு மணி நேரம் ஓட்டினாலும், ஃப்ரெடரிக்ஸ்பர்க்கில் ஓர் இரவு தங்குவதாக வைத்தால் தாங்கும். ஆஸ்டின், சான் அன்டோனியோக்காரர்களுக்கு யோசிக்கவே வேண்டியதில்லை.

சக்கர நாற்காலி என்றால் கணக்கு மாறும். லப்பக்கின் பாதை உருட்ட வசதியானது, வீடுகளைப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் பார்ப்பது என்பதால் படி ஏறமுடியாத இழப்பும் குறைவு. மற்ற இரண்டிலும் மண்ணும் சரளையும் படிகளும் குறுக்கே வரும்.

கட்டடக்கலை படிப்பவர், பழைய தச்சுவேலையில் கிறுக்கு உள்ளவர், படம் வரைபவர், பதின்வயதைத் தாண்டிய பிள்ளைகளோடு நீண்ட பயணம் போகிறவர்: லப்பக். ஜார்ஜ் ரான்ச்சில் ஒரு நாளில் பார்க்கும் கட்டடங்களைப் போலப் பல மடங்கு இங்கே ஒரு பிற்பகலில் பார்க்கலாம். ஆனால் இதற்காக மட்டும் ஹூஸ்டனிலிருந்து போய்வருவதை நாங்கள் சொல்லமாட்டோம். வடக்கே இரண்டு மணி நேரத்தில் பாலோ டூரோ பள்ளத்தாக்கு இருக்கிறது. சக்-வேகன் என்ற நடமாடும் சமையல் வண்டியை 1866-ல் வடிவமைத்த சார்லஸ் குட்நைட் 1870களில் மாடுகளை இறக்கியது அங்கேதான். அதையோ, நியூ மெக்சிகோ பக்கம் கார்ல்ஸ்பாட் குகைகளையோ சேர்த்து நான்கு நாளாகத் திட்டமிட்டால் ஓட்டிய தூரம் உறுத்தாது.

லப்பக்குக்கு அக்டோபர் நல்ல மாதம், ஆட்டம் இல்லாத வாரமாகப் பார்த்து. காலையிலேயே வெளிப்பூங்காவை முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் முதன்மைக் கட்டடத்துக்குள் உள்ள காட்சிக்கூடங்களுக்கு வாருங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்து முடித்து வெளியே வரும்போது பூங்காவுக்குப் போகும் கதவு அடைத்திருக்கும். கட்டடம் மூடும் நேரத்துக்கு முன்பே அது மூடிவிடும்.